கிருபாவுக்காக நான் எழுதிய பஞ்சமம்

போன மாதம் செம்பூரிலிருந்து ஒரு பெண் என்னைப் பார்க்க டோம்பிவிலிக்கு வந்திருந்தாள். நான் ஓய்வு பெற்ற பள்ளியில் இப்போது அவள்தான் பாட்டு டீச்சர். கூட்ட நேரத்து லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே வந்தாளாம். பள்ளி அலமாரியில் கிடந்த என் பழைய நோட்டுகளைக் கண்டெடுத்து, அங்கே இருந்தபோது நான் இயற்றிய பாட்டுகளை ஸ்வரத்தோடு கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். ஆண்டு மலருக்கு என்னைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதப் போகிறாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள், அதனால் கட்டுரை இங்கிலீஷில். எனக்குச் சந்தோஷம்தான். எண்பது தாண்டிய பிறகு யார் வந்து நம்முடைய நோட்டைப் புரட்டுகிறார்கள்?

காபியைப் பாதி குடித்துவிட்டு அவள் கேட்டாள்: "டீச்சர், உங்க பாட்டு ஒண்ணுகூட மேல் ஸ்தாயில காந்தாரத்தைத் தாண்டவே இல்ல. எல்லாத்தையும் பாத்துட்டேன். அது உங்க ஸ்டைல்தானே?"

மேல் ஸ்தாயி என்பது குரல் ஏறிப் போகிற மேல்மாடி. அங்கே காந்தாரத்துக்கு அப்புறம் மத்திமம், பஞ்சமம் என்று இன்னும் இரண்டு படி உண்டு. கச்சேரியில் கைதட்டல் வாங்குகிற இடம் அதுதான். பாட்டு இயற்றுகிறவர் யாரும் அந்த இரண்டு படியைச் சும்மா விட்டு வைக்க மாட்டார்கள். நான் முப்பது வருஷத்துக்கு மேலாக விட்டு வைத்தேன். அதற்கு இந்தப் பெண் ஸ்டைல் என்று பேர் வைத்துவிட்டாள். அச்சிலும் வரப் போகிறது. அவள் போன பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இதையும் அவள் எழுத்துக் கூட்டி வாசிக்கட்டும், தீபாவளிக்குள் முடித்துவிடுவாள்.

என் படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா டிராம் கண்டக்டர், வீடு தாராவி. சர்ச்சில் ஆர்மோனியம் பழகினேன். மாட்டுங்காவில் பிடில் வாசிக்கிற ஒருவரிடம் எட்டு வருஷம் கர்நாடக சங்கீதம் கற்றேன். அவர் திட்டியே சொல்லிக்கொடுத்தார், நான் அழுதே கற்றுக்கொண்டேன். பரீட்சை எழுதி டீச்சர் சர்டிபிகேட்டும் வாங்கினேன். அறுபதுகளின் தொடக்கத்தில், இருபத்து நாலு வயதில், மாட்டுங்காவிலேயே கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் ஒரு மாடியில் நடந்துவந்த தமிழ்ச் சங்கீதப் பள்ளியில் வேலை கேட்டுப் போனேன்.

அந்தப் பள்ளியின் தலைமை டீச்சர் விசாலம் மாமி. ஐம்பதை நெருங்கியவர், நல்ல உயரம், மூக்கில் வைரம். பேட்டி என்று ஒன்றும் கேட்கவில்லை. மடியில் வீணையை வைத்துக்கொண்டு ஒரு சங்கதியை வாசிப்பார், நான் அதைப் பாடிக் காட்ட வேண்டும். வாசித்தார், பாடினேன். ஒரு மணி நேரம் இப்படியே போயிற்று. நடுவில் ஓரிடத்தில் தப்பாகப் பாடினேன். அவர் திருத்தவில்லை. வீணையை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானே கண்டுபிடித்துச் சரியாகப் பாடியதும் திரும்பவும் வாசித்தார். கடைசியில் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"சரியாத்தான் பாடறே எஸ்தர். கிறிஸ்தவப் பொண்ணுன்னு கமிட்டில ரெண்டு பேர் மூஞ்சிய சுளிப்பா, அத நான் பாத்துக்கறேன். பாட்டு நீ சொல்லிக்கொடு, புதுசா இயற்றினாலும் இயற்று. ஸ்ருதி மட்டும் என்னோடது."

சொன்னபடியே கமிட்டியைப் பார்த்துக்கொண்டார். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமில்லை. அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு. அந்த நன்றிதான் என் வாயை நேரம் பார்த்து அடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஸ்ருதி என்னோடது என்று அவர் சொன்னதன் அர்த்தம் முதல் நாளே தெரிந்துவிட்டது. ஸ்ருதி என்பது பாடுகிறவர் எந்த உயரத்தில் நின்று பாட ஆரம்பிக்கிறார் என்கிற கணக்கு. அதைக் கட்டை என்று எண்ணுவோம். குரலுக்குக் குரல் அது மாறும், மாறத்தான் வேண்டும். எங்கள் பள்ளியில் மாறாது. எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் ஐந்தரைக் கட்டை. ஸ்ருதிப் பெட்டியின் மற்ற துளைகளை மாமி மெழுகு வைத்தே அடைத்திருந்தார். ஏழு வயதுக் குழந்தையும் ஐந்தரை, கல்யாணம் நிச்சயமான பெண்ணும் ஐந்தரை.

காலை ஆறு மணிக்கு அகார சாதகம். 'ஆ' என்ற ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு மூன்று காலத்தில், ஒன்றைவிட ஒன்று வேகமாக, மேலும் கீழும் போய்வர வேண்டும். தொண்டை கட்டிக்கொண்டது என்று எந்தப் பிள்ளையாவது சொன்னால் வீட்டுக்கு அனுப்புகிற வழக்கம் கிடையாது. அப்படிச் சொன்ன பிள்ளையை முன்வரிசையில் உட்கார வைத்து மற்றவர்களைவிட அரை மணி கூடுதலாகப் பாட வைப்பார். கட்டிய தொண்டையைப் பாடித்தான் திறக்க வேண்டும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. மூலையில் ஒரு பித்தளைத் தூக்கில் அதிமதுரமும் மிளகும் போட்ட கஷாயம் எப்போதும் சூடாக இருக்கும். தயிர், மோர், புளி, ஐஸ் நான்குக்கும் தடை. பிள்ளைகள் வாயை ஊதிக் காட்டச் சொல்லி மோர் வாசனை பிடிப்பார்.

இது மாமி ஒருவருடைய பிடிவாதம் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் பிடில் வாத்தியாரும் அதையேதான் சொன்னார், அவருடைய வாத்தியாரும் அதையேதான் சொல்லியிருப்பார். எங்களில் யாருக்கும் அதில் சந்தேகமே வந்ததில்லை. பாடிப் பாடி ஒருநாள் தொண்டை திறந்துகொண்டவர்களின் கதைகள் ஏராளமாகக் கேட்டிருந்தோம். திறக்காமலே போனவர்களைப் பற்றி யாரும் கதை சொல்லவில்லை.

மாமியிடம் இன்னொரு வினோதம் இருந்தது. அவர் பாடி நாங்கள் யாரும் கேட்டதில்லை. எல்லாமே வீணை வழியாகத்தான். ஏதோ கோவிலில் வேண்டிக்கொண்டு பாட்டை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று டீச்சர்கள் பேசிக்கொள்வோம். எந்தக் கோவில், என்ன வேண்டுதல் என்று ஆளுக்கு ஒன்று சொல்வோம். அவரிடம் போய்க் கேட்கிற தைரியம் எவருக்கும் இல்லை.

நான் சேர்ந்து நாலைந்து வருஷத்தில் பாட்டு இயற்றுகிறவள் என்று கொஞ்சம் பேர் வந்திருந்தது. நவராத்திரிக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று, குழந்தைகள் எண் கற்க ஒன்று என்று போட்டுக்கொண்டே இருந்தேன். எனக்கு முதலில் சரணம்தான் வரும், பல்லவி கடைசியில்தான் வந்து சேரும். ரயிலில் முணுமுணுப்பேன். பக்கத்தில் இருக்கிற மராத்திக்காரம்மா கொஞ்சம் நகர்ந்து உட்காருவாள், எனக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும். வந்ததும் பென்சிலால் மேல்வரியில் ஸ்வரம், கீழ்வரியில் சொல். மேல் ஸ்தாயி ஸ்வரத்துக்குத் தலையில் ஒரு புள்ளி வைப்போம். பென்சில் ஏனென்றால் பாட்டு பாடப் பாட மாறும், அழித்து எழுத வேண்டியிருக்கும்.

கிருபாவைப் பள்ளிக்குக் கொண்டுவந்தவள் நான்தான். எங்கள் சர்ச்சில் பாடிக்கொண்டிருந்த பெண், அப்போது பதிமூன்று வயது. அவள் அப்பா ஆசீர்வாதம் அண்ணாச்சி குர்லாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். திருநெல்வேலிப் பக்கம், என் அப்பாவின் ஊருக்கு அடுத்த ஊர். மாட்டுங்காவுக்கெல்லாம் அனுப்ப அவருக்குப் பயம். அங்கே நம் பிள்ளையை மதிப்பார்களா என்று மூன்று தரம் கேட்டார். மதிக்க வைப்பது என் பொறுப்பு என்று சொல்லி அழைத்துவந்தேன்.

ஒருநாள் இடைவேளையில் பிள்ளைகள் விளையாட்டாக யார் எவ்வளவு மேலே போகிறார்கள் என்று கத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிருபா சிரித்துக்கொண்டே மேல் பஞ்சமத்தைத் தொட்டு, அங்கேயே நின்றாள். கத்தலாகவே இல்லை, சுத்தமான ஸ்வரம். பக்கத்து அறையில் பாடம் நின்றுபோயிற்று. மாமி வீணையோடு எழுந்து வாசல்வரை வந்துவிட்டார். அந்த ஸ்வரம் என் குரலுக்கு ஒருநாளும் எட்டியதில்லை. அந்தப் பெண்ணின் தொண்டையில் இருந்ததை என் பாட்டுக்குச் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும் என்று அந்த நிமிஷமே எனக்கு ஆசை வந்துவிட்டது. அதை வேறு நல்ல வார்த்தையால் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆண்டு விழாவுக்கு ஒரு பாட்டு இயற்றினேன். ராகம் அடாணா. அது மேல்மாடியிலேயே குடியிருக்கிற ராகம், கீழே இறங்கினாலும் உடனே ஏறிக்கொள்ளும். விடியலைப் பற்றிய பாட்டு, எந்தச் சாமியும் இல்லை, எல்லாரும் பாடலாம். சரணத்தின் முடிவில் 'எழு' என்று ஒரு சொல். எழு என்கிற சொல்லைக் கீழே வைப்பதா என்று எனக்குள் பெரிய வாதம் நடந்தது. தலையில் புள்ளி வைத்த பஞ்சமத்தில் வைத்தேன். வைத்ததோடு விடவில்லை, இரண்டு ஆவர்த்தனம் அங்கேயே நிற்கச் செய்தேன். தாளத்தின் ஒரு முழுச் சுற்று ஒரு ஆவர்த்தனம். அப்படி இரண்டு சுற்று. மாட்டுங்காவே எழுந்து நின்று கேட்க வேண்டும் என்று எனக்கு வெறி.

விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது கிருபாவின் குரல் கம்மிற்று. காலையில் பேசினால் பையன் பேசுகிற மாதிரி இருந்தது. பாட ஆரம்பித்தால் பத்து நிமிஷம் கழித்துத் தெளியும், பஞ்சமத்தில் மட்டும் ஓரம் கிழியும். நான் மாமியிடம் போய், இந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் நாலரைக் கட்டைக்கு இறக்கலாமா என்று கேட்டேன். நாலரைக்கு வேறு மிருதங்கம் வேண்டும், அது எங்கே கிடைக்கும் என்றார். தேடினால் கிடைக்கும் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி பஸ்ஸைப் பார்க்க ஆரம்பித்தார். திரும்பாமலே, "நாளைலேர்ந்து அவள அரைமணி முன்னாடி வரச்சொல்லு" என்றார்.

நானும் வரச்சொன்னேன். தாராவியிலிருந்து ஐந்தரைக்கே நடந்து வந்து, கஷாயம் குடித்துவிட்டு, அந்தப் பஞ்சமத்தைத் திரும்பத் திரும்பப் பாடினாள். ஸ்ருதி மாமியுடையது, அதை நான் மாற்ற முடியாது. ஆனால் ஸ்வரம் என்னுடையது. நோட்டில் இரண்டு புள்ளியை ரப்பரால் அழித்திருந்தால் போதும், பாட்டு கீழே வந்திருக்கும். பென்சிலில்தானே எழுதியிருந்தேன். அழிக்க மனம் வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

விழா மாட்டுங்காவில் ஒரு பள்ளி ஹாலில் நடந்தது. கூட்டம் நிறைந்திருந்தது. ஆசீர்வாதம் அண்ணாச்சி பட்டறையில் கூட வேலை பார்க்கிற பத்துப் பேரை அழைத்துவந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். கிருபாவின் அம்மா பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். கிருபா பச்சைப் பாவாடை கட்டி மேடையில் உட்கார்ந்தாள், பக்கத்தில் வீணையோடு மாமி. பல்லவி நன்றாகவே வந்தது. அனுபல்லவியில் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். சரணம் வந்தது. 'எழு'வுக்கு ஏறினாள், பஞ்சமத்தைப் பிடித்தாள், அரைச் சுற்று நின்றாள். அப்புறம் சத்தம் இல்லை.

குரல் உடையவில்லை, பிசிறடிக்கவில்லை, விளக்கை அணைத்தாற்போல் நின்றுவிட்டது. வாய் திறந்தபடி இருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கை மட்டும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது, ஒரு தட்டுக்கூடத் தவறவில்லை. அவள் பாடிக்கொண்டிருப்பதாகவே நினைத்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. மிருதங்கக்காரர் அவள் முகத்தையும் கையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டே இரண்டு சுற்றையும் வாசித்து முடித்தார். கூட்டத்தில் யாரோ, பாவம் மறந்துவிட்டது என்றார்கள். நான் நின்ற இடத்தில் நின்றேன். அவள் ஆயுளில் கடைசியாகப் பாடிய ஸ்வரம் அதுதான். பின்னால் பேசுகிற குரல் வந்தது, கரகரவென்று வந்தது. பாடுகிற குரல் வரவே இல்லை.

மாமி வீணையில் பல்லவிக்குத் திரும்பிப் பாட்டை முடித்தார், திரை விழுந்தது. மேடைக்குப் பின்னால் அண்ணாச்சி ஓடி வந்தார். என்ன ஆயிற்று என்று எல்லாரும் எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தபோது, கூடப் படிக்கிற பெண் ஒருத்தி, முந்தாநாள் கிங்ஸ் சர்க்கிளில் இரண்டு பேரும் சர்பத் ஊற்றிய ஐஸ் கோலா சாப்பிட்டோம் என்று அழுதுகொண்டே சொன்னாள். மாமி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "ஐஸ் சாப்ட்ருக்கா. அதான்" என்றார். எல்லாருடைய முகத்திலும் ஒரு தெளிவு வந்தது. என் முகத்திலும் வந்திருக்கும். காரணம் கிடைத்துவிட்டது, அது என் நோட்டில் இல்லை. எனக்கு அப்போது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

நாலு நாள் கஷாயம் கொடுத்தும் மூச்சுக் காற்றைத் தவிர ஒன்றும் வரவில்லை. ஐந்தாம் நாள், அண்ணாச்சியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவர் பட்டறைக்குப் போயிருந்தபோது நான் கிருபாவை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். தொண்டை டாக்டர் சின்ன வயது, மராத்திக்காரர். நெற்றியில் வட்டக் கண்ணாடி கட்டியிருந்தார். நீளக் காம்பு வைத்த இன்னொரு சின்னக் கண்ணாடியை ஸ்பிரிட் விளக்கில் லேசாகக் காட்டிச் சூடாக்கி, புறங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டார். கிருபாவின் நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுத்து, அந்தக் கண்ணாடியை உள்ளே விட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

கதவைச் சாத்திவிட்டு என்னிடம் இங்கிலீஷில் கேட்டார், இந்த நிலைமையில் இந்தக் குழந்தையைப் பாட வைத்தது யார் என்று. நான் பதில் சொல்லாமல், ஐஸ் சாப்பிட்டுவிட்டாள் என்றேன். அவர் சிரித்தார். ஐஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். காகிதத்தில் இரண்டு கோடு போட்டுக் காட்டினார். தொண்டைக்குள் இரண்டு மெல்லிய நாண். வாரக்கணக்கில் ஓய்வில்லாமல் உரசி இரண்டிலும் காய்ப்பு காய்த்திருக்கிறது, அதோடும் விடாமல் பாட வைத்ததில் ஒன்றுக்குள் ரத்தம் கசிந்து கட்டிவிட்டது. தொண்டை கம்மிய அன்றைக்கே வாயை மூடியிருந்தால் பத்து நாளில் சரியாகியிருக்கும் என்றார். நான் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டாம் தரம் சொன்ன பிறகுதான் மருந்து விவரம் புரிந்தது. மருந்து ஒன்றுமில்லை, மூன்று வாரம் மௌனம். கிசுகிசுப்புக்கூடக் கூடாது.

வெளியே வந்தபோது கிருபா பெஞ்சில் அழுதுகொண்டிருந்தாள். கண்ணாடி விட்டதில் பயந்திருந்தாள். நான் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, மூன்று வாரம் ஒரு சத்தம் வரக்கூடாது, வந்தால் குரல் திரும்பாது என்றேன். டாக்டர் சொன்னதற்கு மேலேயே சொன்னேன். தும்மல் வந்தால் மூக்கைப் பிடி, அழாதே, அழுகையும் சத்தம்தான் என்றேன். அவள் உடனே அழுகையை நிறுத்திவிட்டாள்.

அண்ணாச்சியிடம் மௌனத்தைச் சொன்னேன், காரணத்தைச் சொல்லவில்லை. "ஐஸ்தான டீச்சர்?" என்று அவரே கேட்டார். ம் என்று சொன்னேன். அந்த ஒரு 'ம்' போதாதா?

அடுத்த நாள் மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வீணைக்குத் தந்தி மாற்றிக்கொண்டிருந்தார். டாக்டர் போட்ட இரண்டு கோட்டையும் காட்டினேன். திட்டுவார், என்னை வெளியே போகச் சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வாயைத் திறந்து 'ஸ' பிடிக்கப் பார்த்தார். தண்ணீர் வராத குழாயைத் திறந்தால் ஒரு சீறல் வருமே, அதுதான் வந்தது.

"எனக்கு அப்போ பதினாறு வயசு, எஸ்தர். நவராத்திரிக்கு ஒம்பது நாளும் பாடணும்னு ஏற்பாடு. நாலாம் நாளே தொண்டை கட்டித்து, பாடித்தான் தொறக்கணும்னா. எட்டாம் நாள் நின்னுபோச்சு. மத்யானம் மோர் சாதம் சாப்ட்டேன், அதான்னு அம்மா சொன்னா. அன்னிலேர்ந்து நான் மோரத் தொடறதில்ல."

தெரிந்துமா இத்தனை பிள்ளைகளை இப்படி, என்று நான் கேட்டுவிட்டேன். தெரியாது, இப்போது நீ சொல்லித்தான் தெரிகிறது என்றார். முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த மனுஷி ஒரு டம்ளர் மோர் மேல் பழியைப் போட்டுக்கொண்டு, தன் குரலைத் தின்ற அதே பாடத்தைப் பிள்ளைகளுக்கு நடத்திக்கொண்டிருந்திருக்கிறார். அதிர்ச்சி என்று எழுதினால் போதவில்லை. எனக்கு அந்த அறையில் உட்காரவே பயமாக இருந்தது. அவர் காகிதத்தை நாலாக மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நான் மோர்னே நெனச்சுண்டு போறேன். அந்தக் கொழந்தையும் ஐஸ்னே நெனச்சுண்டு போகட்டும். அவ கையால போச்சுன்னு இருந்தா ஆறிடும். பெரியவா கையால போச்சுன்னு தெரிஞ்சா ஆறாது."

அது நியாயம் மாதிரியே கேட்டது. எனக்கும் சௌகரியமாக இருந்தது. இரண்டரை வாரம் அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளினேன். அந்த வருஷ முடிவில் மாட்டுங்காவை விட்டுச் செம்பூருக்குப் போனேன், அங்கே பிள்ளைக்குப் பிள்ளை ஸ்ருதி பார்த்தேன், தொண்டை கட்டிய பிள்ளையை வீட்டுக்கு விரட்டினேன், மேல் காந்தாரத்துக்கு மேலே புள்ளி வைக்கப் பென்சிலை எடுத்தாலே கை நின்றது. எல்லாம் சரிதான். ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அந்த இரண்டரை வாரம் நான் வாயைத் திறக்கவில்லை.

மௌனம் தொடங்கிய பிறகு வந்த மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிருபா எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பாட்டு நேரத்தில் எல்லாரும் எழுந்து பாடினார்கள், அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் இருந்த ஒரு பெண், ஐஸ் தின்னு கெடுத்துக்கிட்டியே மூதி என்று அவள் தோளில் செல்லமாகத் தட்டினாள். தோளில் கை பட்டதும் கிருபா துடித்து விலகினாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அதற்கு மேல் அங்கே இருக்க முடியவில்லை.

அன்றைக்கு மத்தியானமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. அண்ணாச்சி தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கிருபா பரிமாறிக்கொண்டிருந்தாள். நான் உட்காராமல் நின்றபடியே சொன்னேன். ஐஸ் இல்லை அண்ணாச்சி, கட்டிய தொண்டையோடு நாங்கள்தான் பாட வைத்தோம், அந்த உயரத்தில் பாட்டை எழுதினது நான், டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார், உங்களிடம் மறைத்தேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தாலும் நல்லது என்றிருந்தது.

அவர் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. கிருபாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நா அவள அடிச்சிட்டேன டீச்சர். பட்டறையில அத்தன பேரு முன்னால தலகுனிய வச்சிட்டாளேன்னு, ஐஸ் தின்னதுக்குன்னு, பெல்ட்டால அடிச்சேன். பேசக்கூடாதுன்னுதான் நீங்க சொன்னீய. அழக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதுல்லா. அழுவாம நின்னா டீச்சர். ஒரு சத்தம் வரல. திமிருன்னு நெனச்சேன். அழுவட்டும் அழுவட்டும்னுதான் மேல மேல அடிச்சேன்."

அவர் எச்சில் கையோடு முகத்தை மூடிக்கொண்டு சத்தமாக அழுதார். நான் கிருபாவின் பக்கம் போனேன். ஜாக்கெட் கைக்குக் கீழே தழும்பு பட்டை பட்டையாக இருந்தது. அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது, உதடு நடுங்கிற்று. இறுக்கி மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அழு கிருபா, நான் சொல்கிறேன், சத்தம் போட்டு அழு என்றேன்.

அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று இரண்டு விரலைக் காட்டினாள்.